பேசியதை எழுது, எழுதியதை வாசி: தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் என்ன நடக்கிறது?

"டீச்சர், ஒரு வாரமா என் பிள்ளை ஒரே கதையத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. வகுப்புல வேற பாடமே நடத்தலையா?"

ஜனவரி மூன்றாவது வாரம். தொடக்கநிலை 1-இல், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்த ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, வீட்டில் தமிழ்தான். அவர் படித்த காலத்தில் ஆங்கிலம் என்றால் பாடநூல், சொற்பொருள், கேள்வி பதில், மனப்பாடம். மகளோ ஒரு பாட்டியின் பை கிழிந்து ஆரஞ்சுப் பழமெல்லாம் படிக்கட்டில் உருண்டோடிய கதையை நாள்தோறும் சொல்கிறாள். கவலை வரத்தான் செய்யும். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் அக்கம்பக்கப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிப்பவள். என் வீட்டிலும் தமிழ்தான்.

முதலில் ஒரு அடிப்படை. ஆறு வயதுப் பிள்ளை தன் வீட்டு மொழியில் எதையும் பேசும். சண்டை போடும், பேரம் பேசும், சாக்குச் சொல்லும். இதற்கெல்லாம் யாரும் பாடம் நடத்தவில்லை. ஆயிரம் முறை காதில் விழுந்தது, ஒரு நாள் வாயில் வந்தது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அந்தக் கையிருப்பு குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. ஆக, ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஆங்கிலத்திலேயே வளர்ந்ததாக இருக்கும், இன்னொன்று பாலர் பள்ளியில்தான் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கும்.

கையிருப்பு இல்லாத பிள்ளையிடம் தாளைக் கொடுத்து 'மை ஃபேமிலி' என்று ஐந்து வரி எழுது என்றால், எதை எடுத்து எழுதும்? ஆகவே அந்தக் கையிருப்பை முதலில் வகுப்பிலேயே உண்டாக்கிக் கொடுக்கிறோம். எல்லாரும் ஒரே கதையைக் கேட்கிறார்கள், சேர்ந்து வாசிக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசியதை எழுதுகிறார்கள், எழுதியதைத் திரும்ப வாசிக்கிறார்கள். வாசிப்பையும் எழுத்தையும் கோக்கும் நூல் பேச்சுதான். மீதி எல்லாம் இதிலிருந்து கிளைத்து வருவதுதான்.

கல்வி அமைச்சு இந்த முறையை ஸ்டெல்லார் என்ற பெயரில் வகுத்து, சில பள்ளிகளில் சோதித்துப் பார்த்து, 2010 வாக்கில் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1985-இல் தொடங்கிய ரீப் என்ற திட்டத்தில் இதே வழிகள் இங்கே நடந்து பழகியிருந்தன. எனவே நம் பிள்ளைகள்மேல் யாரும் புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

மடியில் உட்கார்ந்து கேட்ட கதை

ஒரு வாரம் ஒரே புத்தகம் ஏன் என்பதற்கு வருகிறேன். நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் ஒன்றைக் கவனித்தார். பள்ளிக்கு வருமுன்பே வாசிப்பில் நாட்டம் கொண்ட பிள்ளைகள் பெரும்பாலும் இரவில் பெற்றோர் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள். அந்தப் பிள்ளைகள் பிடித்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும், நடுவில் ஒரு சொல்லை விட்டால் சண்டைக்கு வரும், பிறகு தாமே புத்தகத்தை எடுத்து வாசிப்பதுபோல் சொல்லிப் பார்க்கும். வீட்டில் மடி ஒன்று, பிள்ளை ஒன்று. வகுப்பில் 30 பிள்ளைகள். எல்லாரையும் மடியில் வைக்க முடியாதே என்ன செய்வது? புத்தகத்தைப் பெரிதாக்கினார். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் படமும் எழுத்தும் தெரியும் அளவுக்குப் பெரிய புத்தகம். 1970களில் அங்கே பரவிய இந்த முறைதான் நம் ஊருக்கும் வந்தது. 'பகிர்ந்து வாசித்தல்' என்று தமிழில் சொல்லலாம்.

திங்கட்கிழமை அட்டைப் படத்தை மட்டும் காட்டுவேன். யார் இந்தப் பாட்டி, பையில் என்ன, ஏன் திகைத்து நிற்கிறார்? பிள்ளைகள் ஊகிப்பார்கள். பிறகு முழுக் கதையையும் நிறுத்தாமல் வாசிப்பேன். செவ்வாய் அதே கதை. இந்த முறை சின்னக் கோலால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக்கொண்டே போவேன். வாயில் வரும் ஒரு சொல்லுக்குத் தாளில் ஒரு சொல் உண்டு, சொற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு என்பதெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாதவை. பிள்ளை அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். 'டவுன் தி ஸ்டெப்ஸ் இட் ரோல்ட்' என்ற வரி கதையில் ஐந்து இடத்தில் வரும். மூன்றாவது முறை வரும்போது நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

புதன், வியாழனில் கதை எல்லாருக்கும் மனப்பாடம். இப்போதுதான் எழுத்துகள் பக்கம் போகிறோம். 'ரோல்ட்' என்பதன் கடைசியில் என்ன இரண்டு எழுத்து? இ, டி. 'ஜம்ப்ட்' என்பதிலும் அதே இரண்டு. 'வாண்டட்' என்பதிலும் அதே. ஆனால் மூன்று இடத்திலும் காதில் விழும் ஒலி வேறு! தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. தமிழில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு 44-க்கு நெருக்கமான ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். இதைச் சும்மா பட்டியலாகக் கொடுத்தால் தலையில் நிற்காது. உருண்டோடிய பழத்தோடு சேர்த்துக் கொடுத்தால் நிற்கும். முதல் முறை மனம் கதையின் பின்னால் ஓடுகிறது, அடுத்த முறை வாக்கியம் காதில் தங்குகிறது, அதற்கும் அப்புறம்தான் எழுத்து கண்ணில் படுகிறது. ஒரு வாரம் ஆவது இதனால்தான். எழுத்தொலிப் பயிற்சியும் இலக்கணமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூக்கில் உடைந்த குமிழி

அடுத்து எழுத்து. இதற்கு முன்னால் பிள்ளைகள் எதையாவது சேர்ந்து செய்துபார்க்க வேண்டும். ஒருமுறை சோப்புக் குமிழி ஊதினோம். ஆளுக்கு ஒரு சின்னப் புட்டி, பள்ளித் திடல், பத்து நிமிடம். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்ததும் பெரிய வெள்ளைத்தாளை மாட்டி, தடித்த பேனாவை எடுத்துக்கொண்டு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

"டீச்சர், மை பபிள் சோ பிக்!" என்றது ஒரு குரல். "மைன் ஃபிளை அவே ஆல்ரெடி," என்றது இன்னொன்று. அப்போது ஒரு பையன் எழுந்து நின்றான். வீட்டில் தமிழ் மட்டும் பேசுபவன், அதுவரை ஆங்கில வகுப்பில் வாயே திறக்காதவன். "பபிள்... மை நோஸ்... டப்!" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். "தி பபிள் பர்ஸ்ட் ஆன் யுவர் நோஸ்?" என்று கேட்டேன். தலையாட்டினான். உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: 'தி பபிள் பர்ஸ்ட் ஆன் மை நோஸ்.' அவன் போட்ட 'டப்' சத்தத்தை விட எனக்கு மனமில்லை. இதை எப்படி எழுதலாம் என்று வகுப்பைக் கேட்டேன். "பி, ஓ, பி" என்றாள் ஒருத்தி. வரியின் தொடக்கத்தில் 'பாப்!' என்று சேர்த்தோம். வரிக்குப் பக்கத்தில் அவன் பெயரை எழுதினேன். மறுநாள் அந்தத் தாளைச் சேர்ந்து வாசித்தபோது, அந்த வரியில் மற்ற எல்லாக் குரலையும் மீறி அவன் குரல் கேட்டது.

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். அவன் பேச்சில் பிழை இருந்தது, ஆனால் யாரும் 'தப்பு' என்று சொல்லவில்லை. சரியான வாக்கியத்தைத் தன் காதால் கேட்டான், தன் கண்ணால் அது எழுத்தாவதைப் பார்த்தான். மறுநாள் வாசித்தபோது அர்த்தம் தேட வேண்டிய வேலையே இல்லை, ஏனென்றால் அது அவன் மூக்கு. எழுத்துகளை மட்டும் கவனித்தால் போதும். இதற்குப் பிறகு நான்கு நான்கு பேராக ஒரு தாளில் எழுதுவார்கள், கடைசியில் தனியாக எழுதுவார்கள்.

இதை மொழி அனுபவ முறை என்கிறார்கள். இதற்கும் நியூசிலாந்தில் ஒரு முன்னோடி உண்டு. சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை மாவோரிப் பிள்ளைகளிடம் தினமும் 'இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டு, அவர்கள் கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பாடநூலில் இருந்த சொற்கள் ஒட்டாத பிள்ளைகளுக்கு 'பேய்', 'முத்தம்' போன்ற சொற்கள் ஒரே பார்வையில் ஒட்டிக்கொண்டன. மனதில் ஏற்கெனவே இருப்பதற்கு எழுத்து கொடுத்தால் அது மறக்காது.

வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைகளுக்கு இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஃபீஜித் தீவைக் காட்டுவேன். 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புகளுக்கு ஆளைக் கவரும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வகுப்புக்கு 250 வீதம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஃபீஜியமொழி அல்லது இந்தி. எட்டு மாதத்தில் அவர்களின் வாசிப்பு வழக்கத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறியது. எனக்கு அதைவிட முக்கியம் அடுத்த வருடம் நடந்தது: பலன் எழுத்துக்கும் பரவியது. எல்லிதான் பிறகு சிங்கப்பூரின் ரீப் திட்டத்துக்கும் ஆலோசனை சொன்னவர்.

சிவப்புப் பேனா

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் ஒரு பிழை விடாமல் சிவப்பு மையில் திருத்துவேன். அதுதான் கடமை என்று நினைத்தேன். தொடக்கநிலை 3-இல் ஒரு மாணவி ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள், தாள் முழுக்கச் சிவப்பு. ஜூலையில் நான்கே வரி எழுதினாள், ஒரு பிழைகூட இல்லை. எல்லாம் குட், நைஸ், ஹேப்பி. தெரியாத சொல்லைத் தொட்டால் சிவப்பு விழும் என்று கற்றுக்கொண்டுவிட்டாள். அதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

இப்போது முதலில் பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்பதற்குத்தான் பதில் எழுதுகிறேன். 'நாய் உன்னைத் துரத்தியபோது தம்பி எங்கே இருந்தான்?' என்று ஓரத்தில் ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டி பிள்ளையே இரண்டு வரி கூட்டி எழுதும். பிறகு ஒரே ஒரு வகைப் பிழை. இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும். 'பிகாஸ்' என்ற சொல்லை பி, இ, சி, ஓ, எஸ் என்று எழுதிய தொடக்கநிலை 1 பிள்ளை காதில் விழுந்ததை ஒலி ஒலியாகப் பிரித்து எழுத்தாக்கியிருக்கிறது. அது முன்னேற்றத்தின் அடையாளம். சரியான வடிவத்தைப் பிறகு காட்டிக்கொடுக்கலாம்.

'ஆல்ரெடி' சேர்த்துப் பேசும் சிங்லிஷ், அதாவது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலம், பற்றியும் நிறையப் பெற்றோர் பதறுகிறார்கள். நமக்கு இதில் பதற்றமே வேண்டாம். 'அவன் வந்துட்டான்' என்று பேசுகிறோம், 'அவன் வந்துவிட்டான்' என்று எழுதுகிறோம். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்பது தமிழர் வீட்டுப் பிள்ளைக்குப் பழகிய விஷயம். 'விளையாடும்போது அப்படிச் சொல்லு, கட்டுரையில் இப்படி எழுது' என்றால் சட்டென்று புரிந்துகொள்ளும்.

அப்புறம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. 2025 முதல் ஆங்கிலத்தின் முதல் தாளுக்கு 50 மதிப்பெண், அதில் தொடர்கட்டுரைக்கு 36. ஒரு தலைப்பும் மூன்று படமும் கொடுப்பார்கள். ஒரு படத்தையாவது பயன்படுத்திக் குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். அதற்காகப் பயிற்சிநூல்களில் இருக்கும் அலங்காரத் தொடர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். 'பீட்ஸ் ஆஃப் பர்ஸ்பிரேஷன்' என்று நெற்றியில் வியர்வை முத்து அரும்பாத கட்டுரை அபூர்வம். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக்கூட வியர்க்கிறது. அந்தத் தொடரில் குற்றமில்லை. ஆனால் பிள்ளை தான் பார்த்ததை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போகும்போது கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்

எளிய புத்தகம் எடுத்துக் கொடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நூற்றில் 98 சொல்லாவது தெரிந்திருந்தால்தான் உதவியில்லாமல் கதை இயல்பாக ஓடும் என்று சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷன் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை தடிப் புத்தகம் படிக்கிறதே' என்ற ஒப்பீட்டை நூலக வாசலிலேயே விட்டுவிடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம், புத்தகத்தை மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். பத்துப் புத்தகம் எடுத்து எட்டைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை தள்ளினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மௌன வாசிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல பள்ளிகளில் காலைக் கூட்டத்துக்கு முன் பிள்ளைகள் கதைப் புத்தகத்தோடு அமைதியாக உட்கார்வதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு அது வெறும் பக்கம் புரட்டல். மௌன வாசிப்பு மட்டுமே வாசிப்புத் திறனை உயர்த்தும் என்பதற்குப் போதிய சோதனைச் சான்று இல்லை என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் அறிக்கை தந்தது. படித்ததைப் பற்றி யாராவது பேச வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கலாம். 'எத்தனை பக்கம் முடிச்ச?' என்று கேட்பதைவிட 'அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்.

எழுத்துக்கும் உண்மையான வேலை கொடுங்கள். தேக்கா சந்தைக்குப் போகுமுன் வாங்க வேண்டியவற்றைப் பிள்ளை எழுதட்டும். அது எழுதியதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெங்காயத்தை விட்டிருந்தால் அன்றைக்கு வெங்காயம் கிடையாது. தாம் எழுதியதை ஒருவர் உண்மையாகவே வாசிக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுதுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் தடுமாறினால் வகுப்பாசிரியரிடம் சீக்கிரம் பேசிவிடுங்கள். தொடக்கநிலை 1-இல் நுழையும்போதே கண்டறிந்து சின்னக் குழுவாகச் சொல்லிக்கொடுக்கும் கற்றல் ஆதரவுத் திட்டம் எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் உண்டு. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு தொடக்கநிலை 3, 4-இல் பள்ளியிலேயே தனிப் பயிற்சி உண்டு. இந்தியச் சமூகத்துக்கான சிண்டா அமைப்பின் துணைப்பாட வகுப்புகளிலும் ஆங்கிலம் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக, 'ஆங்கிலம் வர வேண்டும் என்றால் வீட்டில் தமிழை நிறுத்திவிடட்டுமா?' என்ற கேள்வி. வேண்டவே வேண்டாம். ஒரு மொழியில் யோசிக்கவும் கதையைக் கோவையாகச் சொல்லவும் பழகிய திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதினார். நான் அதைப் பக்கத்து புளோக் பையனிடம் நேரில் பார்த்தேன். தொடக்கநிலை 4. 'பயந்த ஒரு நாள்' என்று கட்டுரைத் தலைப்பு. லிட்டில் இந்தியாவில் தொலைந்துபோனேன், பயந்தேன், அப்பா வந்தார் என்று ஆங்கிலத்தில் மூன்றே வரி எழுதிக்கொண்டு என்னிடம் வந்தான். தாளை மூடி வைத்துவிட்டு, தமிழில் சொல்லுப்பா என்றேன்.

"தீபாவளிக்கு முந்துன நாள் ராத்திரி, ஆன்ட்டி. கேம்பல் லேன்ல ஒரே கூட்டம். அப்பா கைய விட்டுட்டேன். அப்பா நீலச் சட்டை போட்டிருந்தாரு. திரும்பிப் பாத்தா எல்லா மாமாவும் நீலச் சட்டை போட்டிருக்காங்க! பூக்கடை அக்கா ஸ்டூல்ல உக்கார வச்சாங்க. மல்லிப்பூ வாசம் வந்துச்சு. எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு."

ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். இடையில் ஸ்டூல் எவ்வளவு உயரம், கால் தரையில் பட்டதா என்று மட்டும் கேட்டேன். படவில்லையாம். பிறகு தாளைத் திறந்தோம். தெரியாத சொல் வந்தால் கேட்டான், சொல்லிக்கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. வியர்வை முத்து எதுவும் இல்லை. இறந்தகாலப் பிழை நான்கைந்து இருந்தது, அதை மட்டும் சேர்ந்து பார்த்தோம். இரண்டாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: 'எவ்ரி அங்கிள் வாஸ் வேரிங் மை ஃபாதர்ஸ் ஷர்ட்.'

"இது சரியா, ஆன்ட்டி? 'சேம் கலர்'னு போடணுமோ?" என்று கேட்டான்.

அதை அப்படியே விடச் சொன்னேன்.